மூளை டீச்சர்

கிருஷ்ணராஜ் குடிக்க ஆரம்பித்துவிட்டான் என்று எங்கள் மைசூர் மண்டி மொஹல்லாவில் முதன்முதலாகப் பேச்சு எழுந்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை சாமியாரிடம் செய்த எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். பாவம் என்றால்தானே சொல்ல வேண்டும்?

பால் பூத் சித்தையன்தான் கேட்டான்.

"டீச்சரே, நம்ம மாஸ்டர் சாயந்திரமானா தண்ணி போடறாராமே, ஹௌதா, நெசமா? நேத்து இந்தப் படியிலேயே தடுமாறி விழுந்தாரு. தூக்கிவிட்டா குப்புனு வாசனை. உங்களுக்குத்தான் அவரோட ரொம்ப நாள் பழக்கமாச்சே."

கிருஷ்ணராஜ் குடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாசனை எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே அடங்கியிருக்கும்.

"எனக்கென்னப்பா தெரியும்? கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குக் காப்பி ரொம்ப ருசியாக இருந்தது.

வயதில் மூத்தவனை அவன் இவன் என்கிறேனே என்று நினைக்காதீர்கள். நேரில் பார்த்தால் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவேன். கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவள், மரியாதை தெரியாதா? மனசுக்குள் கூப்பிடுவதற்கு யாரும் மரியாதை எதிர்பார்க்க முடியாது.

என் கணவர் ஸ்டானிஸ்லாஸ். இந்த ஊரில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாக்ஸிங்கில் இரண்டு தடவை தேசிய சாம்பியன். தசரா பொருட்காட்சி மைதானத்தில் அவர் ரிங்கில் ஏறினால் ராட்டினம் சுற்றுகிறவன்கூட நிறுத்திவிட்டு வந்து பார்ப்பான். எங்கள் வீட்டு முன்னறையில் இன்றைக்கும் அவருடைய கிளவுஸும் மெடல்களும் போட்டோக்களும்தான். தூசி தட்டுவது, மாணவர்கள் வந்தால் காட்டுவது, அவர் பெயரில் வருஷா வருஷம் பள்ளிப் பையன்களுக்குப் போட்டி வைப்பது, எல்லாம் நான்தான். விருந்தாளி வந்தால் உட்கார நாற்காலி கிடையாது. சமையலறையில் உட்கார வேண்டியதுதான்.

அவருக்குக் கோச் கிருஷ்ணராஜ். என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் டீமுக்கும் அவன்தான், மண்டி மொஹல்லா கிளப்புக்கும் அவன்தான். அவனே பழைய பாக்ஸர். என் கணவரைவிட அதிகமான பந்தயங்கள் ஆடியவன், அதைவிட அதிகமாக அடி வாங்கியவன்.

ஒரு வருஷம் தசராவுக்கு முந்தின வாரம் ஹூப்ளியில் தங்கவயல்காரன் ஒருவனிடம் அடிபட்டு என் கணவர் நினைவு தப்பி விழுந்தார். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். என்னை 'அம்மா' என்று கூப்பிட்டார். பயந்துபோய் நான் கிளப்புக்கு ஓடினேன். இந்தத் தசராவுக்கு மட்டும் வேண்டாம் மாஸ்டர் என்று கைகூப்பினேன்.

"சும்மனே பயப்படாதேம்மா" என்றான் கிருஷ்ணராஜ். "பாக்ஸர்னா அடிபடாமலா? நான் வாங்காத அடியா? நல்லாத்தானே இருக்கேன்? ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது."

போஸ்டர் ஒட்டியாகிவிட்டதாம். என் புருஷனின் தலை அந்தக் காகிதத்தைவிட மலிவு. ஏற்றிவிட்டான். இரண்டாவது ரவுண்டில் மறுபடியும் விழுந்தார். அதற்கப்புறம் அவர் பழைய ஸ்டானி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை நடுங்கியது. பேச்சு குழறியது. தெருவில் கோணல்மாணலாக நடந்தார். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம். சாராயத்தில் கற்பூரத்தைக் கரைத்துப் பாட்டிலில் வைத்திருப்பார்கள். பயிற்சி முடிந்ததும் அதை எடுத்து பாக்ஸரின் தோளிலும் முதுகிலும் பரபரவென்று தேய்ப்பார்கள். வலிக்கு அப்படிக் கேட்கும். ஆனால் லைஃப்பாய் போட்டுக் குளித்தாலும் வாசனை போகாது. என் கணவருக்கு அதைத் தேய்த்துவிட்டது கிருஷ்ணராஜின் கைகள்தான். ஆட்டத்தை விட்ட பிறகும் உடம்புவலி விடாததால் வீட்டில் நான் தேய்த்துவிட்டேன். அந்த வாசனையோடு, அந்தத் தள்ளாட்டத்தோடு தொழிற்சாலைக்குப் போனார். வேலை நேரத்தில் குடிக்கிறார் என்று விசாரணை வைத்தார்கள்.

விசாரணையில் கோச்சைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அடிபட்டதால் வந்தது என்று அவன் உண்மையைச் சொன்னால், அடிபட்டவனை ரிங்கில் ஏற்றியது யார் என்று அடுத்த கேள்வி வரும். கிருஷ்ணராஜ் புத்திசாலி. வருஷா வருஷம் மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போகிறவன். உதட்டில் ஒரு சொட்டு பட்டதில்லை என்று பேரெடுத்தவன். 'ஸ்டானி குடிக்கிறான், என் கண்ணால பாத்திருக்கேன், மாதேஸ்வரன் மேல சத்தியம்' என்று கையடித்துச் சொன்னான். அப்படிப்பட்டவன் அப்படிச் சத்தியம் பண்ணினால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வேலை போனது பெரிசில்லை. நான் சம்பாதித்தேன். ஆனால் 'சாம்பியன் ஸ்டானி' போய்க் 'குடிகார ஸ்டானி' ஆனார். பையன்கள் தெருவில் அவரைப் போலவே தள்ளாடி நடந்து காட்டினார்கள். கோயிலில் நாங்கள் உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு அது புரிந்ததுதான் கொடுமை. "ரோசி, நான் குடிக்கிறேனா?" என்று என்னையே கேட்பார். தொண்ணூற்றிரண்டில் அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அவருடைய கடைசி நாட்களில் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். அங்கே மூளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் அஷ்வினி, சின்னப் பெண், தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள். இறந்த பிறகு அவருடைய மூளையைத் தர முடியுமா என்று. எடுத்துக்கோ என்று உடனே சொன்னேன். அவர் தலைக்குள் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அடக்கத்தன்று என் நாத்தனார் கேரல் குதித்தாள். "உயிர்த்தெழற நாள்ல என் தம்பி மூளையில்லாம எழுந்திருப்பானா?"

"மண்ணாப்போன உடம்பையே எழுப்பற ஆண்டவருக்கு, பெங்களூர்ல இருக்கற மூளையைக் கொண்டுவரத் தெரியாதா?" என்றேன். அன்றோடு அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாள். எனக்கும் நிம்மதி.

அதற்கப்புறம் எனக்கு அதுவே வேலையாகிவிட்டது. பழைய பாக்ஸர்கள் வீடு வீடாகப் போய், காலம் வரும்போது மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள், சில வீடுகளில் விளக்குமாற்றைக் காட்டினார்கள். 'மூளை டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். மூளை இல்லாதவள் என்று வைக்கவில்லையே.

அஷ்வினி ஒருநாள் என்னை உட்காரவைத்து விளக்கினாள். என் கணவருடைய மூளையில் இருந்தது அடிகளால் வந்த சேதம். அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை எழுதி அனுப்பினால் மற்ற டாக்டர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்களாம்.

"குடிச்சாலும் மூளை கெடும், இவர் குடிகாரர்னு ரெக்கார்ட் இருக்கேன்னு சொல்றாங்க ஆன்ட்டி. அதை உடைக்கணும்னா இன்னொரு மூளை வேணும். இவரளவுக்கு அடி வாங்கியிருக்கணும். ஆனா வாழ்க்கையில ஒரு சொட்டுக்கூட குடிச்சிருக்கக் கூடாது. அதுலயும் இதே சேதம் இருந்தா, காரணம் அடிதான்னு அடிச்சுச் சொல்லலாம். ஆனா அப்படி ஒரு பாக்ஸர் எங்க கிடைப்பார்?"

நான் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். குடிக்காதவன் என்று ஊரே சான்று சொல்லும், மாதேஸ்வரனே சான்று சொல்வார். என் புருஷனைக் குடிகாரன் ஆக்கிய அதே நல்ல பெயர்தான் இப்போது எனக்கு வேண்டியிருந்தது.

அன்று முதல் கிருஷ்ணராஜைக் கவனிக்க ஆரம்பித்தேன். தேவராஜா மார்க்கெட்டில் என்னைப் பார்த்து நலம் விசாரித்தான். வெற்றிலைக் கடையைத் தாண்டி மறுபடி எதிரே வந்தபோது, பார்க்காதவன் மாதிரி மறுபடியும் அதே விசாரிப்பு. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். கை லேசாக ஆடியது. எனக்கு அந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். பத்து வருஷம் அப்படி ஆடிய என் கணவரின் கைக்குத் தம்ளரைப் பிடித்துக் கொடுத்தவள் நான். உடம்புவலிக்கு அவன் பெண்சாதி லிங்கம்மா அதே சாராயக் கற்பூரத்தைத் தேய்த்துவிடுகிறாள் என்பதையும் மோப்பத்திலேயே கண்டுகொண்டேன்.

அப்புறம்தான் சித்தையன் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சீக்கிரமே எல்லா இடத்திலும் அதே பேச்சு. வேஷக்காரன், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு ரகசியமாகக் குடித்திருக்கிறான் என்றார்கள். தள்ளாடி நடந்தால் பையன்கள் பின்னாலேயே நடந்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒரு பையனையும் அதட்டவில்லை.

தொண்ணூற்றாறு தசராவுக்கு முன்னால் கிளப்பில் ஒரு முடிவு எடுக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். குடிகாரன் பெயர் நமக்கு வேண்டாம் என்று கிருஷ்ணராஜை உறுப்பினரிலிருந்து நீக்கி, சுவரில் இருக்கும் அவன் போட்டோவையும் எடுத்துவிடுவார்களாம். அன்று சாயந்திரமே லிங்கம்மா என் வீட்டுக்கு வந்தாள். மாதேஸ்வரன் மலைப்பக்கத்து ராமாபுரத்துக்காரி. இத்தனை வருஷம் மைசூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"டீச்சரக்கா, எங்கூட்டுக்காரரு குடிக்கறதில்லீங். அது தேய்க்கற மருந்துங். உங்களுக்குத் தெரியுமுங். நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லிப்போட்டீங்கன்னா கிளப்புல கேப்பாங்க."

"எனக்குத் தெரியும் லிங்கம்மா. என் வீட்டுக்காரருக்கும் அதே மருந்துதான். உங்க வீட்டுக்காரருக்கும் தெரியும். அன்னிக்கு அவர் வந்து சொன்னாரா?"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"வர்றேன்" என்றேன். "ஆனா அவர் காலத்துக்கப்புறம் அவர் மூளை டாக்டரம்மாகிட்ட போகணும். அதை அவர் காதுபட நானே அவர்கிட்ட சொல்லணும்."

"ஐயோ! எங்க வழக்கத்துல முழுசா உக்கார வெச்சு அடக்கம் பண்றதுங்க்கா. மண்டையத் தொறந்தாங்கன்னா சனம் என்னைச் சும்மா உடுமுங்களா?"

"என் ஜனம் என்னைச் சும்மா விட்டாங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை எல்லாம் வருஷக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். உன் பொய்ச் சத்தியம் உன் தலைக்குள்ளேயே புற்று வைத்துவிட்டது பார் என்று சொல்லிவிட்டு, அவன் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அது ஒன்றுக்காகத்தான் அத்தனை காலம் பொறுத்தேன்.

கிருஷ்ணராஜ் முற்றத்து வெயிலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா ரோசி! ஸ்டானி எங்க? ரெண்டு நாளா பிராக்டிஸுக்கு வரலையே? தசரா வந்துடுச்சு."

"அவர் செத்துப் போயிட்டார் மாஸ்டர். குடிகாரன்னு பேர் வாங்கிட்டுச் செத்தார்."

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு கையும் முஷ்டியாகி முகத்துக்கு நேரே வந்துவிட்டன.

"யாரு சொன்னது? என் பையன் குடிப்பானா? இந்தக் கையால வளத்த பையன். ஒரு சொட்டு தொட்டதில்ல. மாதேஸ்வரன் மேல சத்தியம்! எந்தப் போக்கிரி சொன்னான்? கூட்டிட்டு வாம்மா அவனை. பல்லைக் கழட்டிடறேன்!"

நீங்கதான் சொன்னீங்க மாஸ்டர், நீங்கதான் என்று கத்தினேன். அவன் காதில் அது ஏறவேயில்லை. அந்தப் போக்கிரியைத் தேடித் தெருவாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான், கண்ணில் நீர் கோத்து. நடிப்பில்லை. பொய் சொன்னதை அடியோடு மறந்துவிட்டான். உண்மை மட்டும் மிச்சம் இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே என் புருஷன் ஏங்கிச் செத்தார்? இப்போது சொல்கிறான், புத்தி பேதலித்த பிறகு, யாரும் நம்பாத காலத்தில். அடித்தவனுக்கு ஞாபகமே இல்லை. பட்ட நான் மட்டும் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஞாபகம் வைத்திருக்கிறேன். மறந்துபோனவனை எப்படிப் பழிவாங்குவது? ஓங்கி ஒரு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் அந்தத் தலையில் இன்னொரு அடியா என்று கை தயங்கியது. இரக்கம் இல்லை. அந்த மூளை எனக்குக் கெடாமல் வேண்டும்.

நிலைப்படியில் நின்று லிங்கம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கிட்டே வந்து அவனைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். பொத்தானைச் சரியாக மாட்டிவிட்டாள்.

"எடுத்துக்குங்க்கா" என்றாள் என்னைப் பார்க்காமல். "இவரு மண்டையில இருக்கறதை எடுத்துக்குங்க. இவரு வாயி சொன்ன பொய்யை அதாச்சும் சொல்லாம இருக்கும்."

கிளப் கூட்டத்துக்குப் போனேன். பழைய பாக்ஸர்கள், புதுப் பையன்கள் என்று அறை நிறைந்திருந்தது. கெம்பையன் என்கிற செயலாளர் தீர்மானத்தைப் படிக்க எழுந்தபோது நான் கையைத் தூக்கினேன். அந்த மருந்துப் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து, என் முழங்கையில் தேய்த்து, அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இப்ப நான் குடிச்சிருக்கேனா கெம்பையன்? மாஸ்டர் குடிக்கறதில்ல. இந்த வாசனை உங்க பாட்டில் வாசனை. அந்தத் தள்ளாட்டம் தலையில பட்ட அடி. என் புருஷனுக்கும் இதே வாசனை, இதே அடி. ஒருத்தர் குடிகாரர்னா ரெண்டு பேரும் குடிகாரர். ஒருத்தர் இல்லைன்னா ரெண்டு பேரும் இல்லை. ரெண்டுல ஒண்ணை இப்பவே சொல்லுங்க."

கெம்பையன் தீர்மானத்தை மடித்துப் பையில் வைத்தான். போட்டோ சுவரிலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர்கள் எப்போதோ எடுத்துவிட்ட என் கணவரின் போட்டோவையும் அன்றைக்கே மாட்ட வைத்துவிட்டுத்தான் வந்தேன். விழுந்த பாக்ஸரை டாக்டர் பார்க்காமல் ரிங்கில் ஏற்றக் கூடாது என்று எழுத வைத்தேன். ஆனாலும் வழி முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல்தான். என் கணவரைக் காப்பாற்ற வேண்டிய வார்த்தையால் அவனையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. எதிரியைத் தனியாகக் கழற்றி விட முடியவில்லை.

டீச்சர் மன்னித்துவிட்டார், எவ்வளவு பெரிய மனசு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். மண்ணாங்கட்டி. நான் வாரா வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனது உண்மை. லிங்கம்மா மனசு மாறிவிடக் கூடாதே என்று போனேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஸ்டானி எங்கே என்று கேட்டான். ஒவ்வொரு தடவையும் செத்துவிட்டார் என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுதான். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. வேறு யார் என் புருஷனுக்காக இத்தனை தடவை அழுதார்கள்?

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் கிருஷ்ணராஜ் செத்தான். சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வேனை மறித்தார்கள். லிங்கம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "எம் புருசன், எம் பேச்சு" என்று வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெங்களூருக்குப் போய்த் திரும்பியதும் அவர்கள் வழக்கப்படியே உட்காரவைத்து அடக்கம் செய்தார்கள். நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

சில மாதம் கழித்து அஷ்வினி கூப்பிட்டாள். அறைக்குள் நுழையும்போதே அவள் முகத்தில் தெரிந்தது.

"ஒரே மாதிரி ஆன்ட்டி. அதே இடம், அதே சேதம். இவருக்குக் கொஞ்சம் அதிகம்கூட. இனிமே யாரும் குடின்னு சொல்ல முடியாது. அங்கிள் பேர் சுத்தம்."

அழுதேன், வெட்கமில்லாமல். "ரோசி, நான் குடிக்கிறேனா?" என்ற அந்தக் குரலுக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது, அவர் கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு. அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். கூட்டிப்போனாள்.

அலமாரியில் மூடி போட்ட ஜாடிகள். என் கணவருடையதை எனக்கு அடையாளம் காட்டினாள். அதை ஒட்டினாற்போல் இன்னொன்று.

"அது யாருது?"

"கிருஷ்ணராஜ் மாஸ்டரோடது."

"வேற தட்டுல வையுங்க டாக்டர்."

"முடியாது ஆன்ட்டி. ஆராய்ச்சியில இது ரெண்டும் ஜோடி. வேலை முடியற வரைக்கும் பக்கத்துல பக்கத்துலதான் இருக்கணும்."

எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். நிறைய ஆகும் என்றாள். இன்னும் ஒரு மூளை கிடைக்காமல் தவிக்கிறாளாம்.

"அதே வயசு, அதே ஊர். அடியும் பட்டிருக்கக் கூடாது, குடிச்சிருக்கவும் கூடாது. அதோட ஒப்பிட்டாத்தான் முழுசா முடியும். ஆனா எந்த வியாதியும் இல்லாதவங்க எதுக்கு ஆன்ட்டி தருவாங்க?"

நான் அந்த இரண்டு ஜாடிகளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். செத்த பிறகும் தோளில் கை போட்ட மாதிரி அவன் என் புருஷனை ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"என்னுது இருக்கே" என்றேன். "எழுதிக்கோங்க. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்க ஆன்ட்டி."

"நடுவுல வைக்கணும்."